ஆறு படைத்த நிலம்

நுழையும்முன்

வெள்ளம் என்னும் சொல்லைக் கேட்டதும் அழிவே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், நாம் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு, வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண்ணில் விளைந்ததாகும். ஆறு நிலத்தை அழிக்கிறதா, ஆக்குகிறதா? மலையும் மழையும் பாறையும் கடலும் சேர்ந்து ஓர் ஆற்றங்கரையை எவ்வாறு வடிவமைக்கின்றன? காவிரியின் வழியே நடந்து இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

ஓர் ஆறு, பல தோற்றங்கள்

ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே ஒடுங்கி, நீர்த்திவலைகள் புகையென எழ இரைந்து பாயும் காவிரியைக் கண்ட ஒருவர், அதே காவிரியைக் குளித்தலையில் கண்டால் வியப்படைவார். அங்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணற்பரப்பும் நீருமாக அது விரிந்து கிடக்கும். ‘அகண்ட காவிரி’ என்று மக்கள் அதனை அழைப்பது பொருத்தமே. அவரே பூம்புகாருக்குச் சென்று காவிரி கடலோடு கலக்கும் இடத்தைக் கண்டால் இன்னும் வியப்பார். அத்துணைப் பேராறு அங்கே ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி நிற்கும்.

ஆறு செல்லச் செல்லப் பெருகும் என்பதே பொதுவான எண்ணம். காவிரியோ இடையில் பெருகி இறுதியில் சிறுக்கிறது. இதற்குக் காரணம் நீரின் அளவு மட்டுமன்று. நிலத்தின் சரிவு, பாறையின் தன்மை, மழை பெய்யும் காலம், ஆறு சுமந்துவரும் மண், கடலின் இயல்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஓர் ஆற்றின் உருவத்தையும் அதன் கரையிலுள்ள நிலத்தின் உருவத்தையும் முடிவுசெய்கின்றன. இவற்றுள் ஒன்று மாறினாலும் நிலத்தின் தோற்றம் மாறிவிடும்.

நீரின் மூன்று தொழில்கள்

ஓடும் நீர் மூன்று தொழில்களைச் செய்கிறது. அரித்தல், சுமத்தல், படியவைத்தல் என்பன அவை. இம்மூன்றில் எது எங்கு மேலோங்கும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது நீரின் விரைவு. விரைந்து ஓடும் நீர் பாறையை அரிக்கும். உருண்டைக் கற்களையும் உருட்டிச் செல்லும். விரைவு குறைந்ததும் சுமையை இறக்கத் தொடங்கும். முதலில் கற்கள், அடுத்துப் பருமணல், அதன்பின் நுண்மணல், பிறகு வண்டல், இறுதியாகக் களி என்னும் வரிசையில் அச்சுமை இறங்கும்.

இந்த வரிசை நினைவில் நிற்க வேண்டிய ஒன்று. ஒரு நிலத்தில் கல் கிடக்கிறதா, மணல் கிடக்கிறதா, களி கிடக்கிறதா என்று பார்த்தே, அங்கு ஒருகாலத்தில் நீர் எவ்வளவு விரைவாக ஓடியது என்று சொல்லிவிடலாம். முறத்தில் இட்டுப் புடைக்கும் தாய், நெல்லையும் உமியையும் எடைக்கேற்பப் பிரிப்பதுபோல, ஆறு தான் கொணர்ந்த மண்ணைப் பிரித்துப் பிரித்து வைக்கிறது.

மலையும் பாறையும்

குடகு மலையிலுள்ள தலைக்காவிரி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குப் பிறக்கும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. ஆனால், அந்த உயரம் முழுவதையும் அது ஒரே சீராக இறங்கிக் கடப்பதில்லை. கருநாடகப் பீடபூமியில் ஓரளவு சமமாகச் சென்று, சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து, மலைப்பிளவுகளுக்கிடையே நுழைந்து, ஒகேனக்கல்லைக் கடந்து தமிழகத்துள் இறங்குகிறது.

இப்பகுதியின் பாறைகள் மிகப் பழைமையானவை; கடினமானவை. அவற்றைப் பக்கவாட்டில் அரித்து அகலப்படுத்துவது நீருக்கு எளிதன்று. ஆகவே, ஆறு பாறையில் இயல்பாக அமைந்த வெடிப்புகளின் வழியே ஆழமாக இறங்குகிறது. கரையோரத்தில் சமநிலம் உருவாக இடமே இல்லை. ஆற்றின் இரு பக்கமும் மலை, நடுவே நீர். வெள்ளம் வந்தால் நீர்மட்டம் உயருமேயன்றிப் பரவ வழியில்லை. சீதாமலை, பாலமலை ஆகியவற்றுக்கிடையே இத்தகைய ஒடுங்கிய வாய் அமைந்திருந்ததனால்தான் மேட்டூரில் அணை கட்ட முடிந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. வெள்ளச் சமவெளி உருவாக நீர் மட்டும் போதாது. நீர் பரவுவதற்கு இடமும், அது சுமையை இறக்கும் அளவுக்கு விரைவு குறைதலும் வேண்டும்.

தெரியுமா?
‘ஒகே’ என்பது கன்னடத்தில் புகையைக் குறிக்கும். ‘கல்’ என்பது பாறையைக் குறிக்கும். நீர்த்திவலை புகைபோல் எழும் பாறை என்னும் பொருளில் ‘ஒகேனக்கல்’ என்னும் பெயர் வழங்குகிறது. ஊர்ப்பெயரே அவ்விடத்தின் நிலத்தோற்றத்தைச் சொல்லிவிடுகிறது.

அகண்ட காவிரியும் ஆற்றிடைத் தீவுகளும்

மேட்டூரைக் கடந்ததும் சரிவு குறைகிறது. பவானியில் பவானியாறும், அதன்பின் நொய்யலும், கரூரை அடுத்து அமராவதியும் வந்து கலக்கின்றன. ஒவ்வொரு துணையாறும் நீரோடு மணலையும் கொண்டுவருகிறது. சுமை கூடுகிறது, சுமக்கும் விரைவோ குறைகிறது. இந்நிலையில் ஆறு என்ன செய்யும்? ஆழத்தைக் கைவிட்டு அகலத்தை நாடும். மணலைத் தன் நடுவிலேயே இறக்கி வைத்து, அதைச் சுற்றி இரண்டாக, மூன்றாகப் பிரிந்து ஓடி, மறுபடியும் கூடும். அகண்ட காவிரியின் தோற்றத்துக்கு இதுவே காரணம்.

நடுவில் சேர்ந்த மணற்றிட்டில் முதலில் நாணல் முளைக்கும். அடுத்த வெள்ளத்தில் நாணல் நீரின் விரைவைத் தடுப்பதனால் மேலும் மணல் சேரும். திட்டு உயரும். பிறகு மரம் வளரும். பல்லாண்டுகளில் அது நிலைத்த தீவாகும். இத்தகைய தீவை ‘ஆற்றிடைக்குறை’ என்றும் ‘துருத்தி’ என்றும் ‘அரங்கம்’ என்றும் தமிழர் வழங்கினர். திருவரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலம். குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. திருவையாற்றுக்கு அருகே திருப்பூந்துருத்தி உள்ளது. புவியியல் இன்று நிலத்தோற்றம் எனப் பாகுபடுத்துவதை, நம் முன்னோர் ஊர்ப்பெயராகவே பதிந்து வைத்துள்ளனர்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. கொள்ளிடத்தின் படுக்கை தாழ்ந்தது. அதன் போக்கும் பெரும்பாலும் நேரானது. ஆதலால் பெருவெள்ளம் இயல்பாக அதன்வழியே கடலைத் தேடும். வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலால் அது கொள்ளிடம் என்பர். காவிரியின் நீர் பூம்புகாரில் சிறுத்துப்போவதற்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே விளங்குகிறது. பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் ஏற்றுக்கொள்கிறது. எஞ்சியதைக் கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு எனப் பல கிளைகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

உயர்ந்த கரை, தாழ்ந்த வயல்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குன்றைப் போன்ற கடினப் பாறைகள், அதற்குக் கிழக்கே செல்லச் செல்ல மண்ணுக்கடியில் மறைந்துவிடுகின்றன. இனிக் கடல்வரை காண்பதெல்லாம் ஆறு கொணர்ந்த மண்ணே. திருச்சிராப்பள்ளி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது. கடலோ நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆற்றின் போக்கில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கமில்லை. இத்தகைய சமதளத்தில்தான் வெள்ளச் சமவெளி முழு உருவம் பெறுகிறது.

வெள்ளக் காலத்தில் ஆறு கரையைத் தாண்டி வழிவதை எண்ணிப் பாருங்கள். கரைக்குள் ஆழமாக ஓடிய நீர், கரையைத் தாண்டியதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்நொடியே அதன் விரைவு தளர்கிறது. பருமணலும் நுண்மணலும் கரையை ஒட்டியே இறங்கிவிடுகின்றன. வண்டல் சற்றுத் தள்ளிப் படிகிறது. மிக நுண்ணிய களி மட்டும் தொலைவிலுள்ள பள்ளங்கள்வரை சென்று, நீர் அசைவற்று நிற்கும்போது மெல்லப் படிகிறது. ஆண்டுதோறும் இது நிகழ்வதால், ஆற்றை ஒட்டிய நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. இதுவே இயற்கைக் கரைமேடு. ஆற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிலம் தாழ்ந்துகொண்டே போகும்.

நாம் நினைப்பதற்கு இது நேர்மாறானது. ஆறு பள்ளத்தில் ஓடும் என்று கருதுகிறோம். மலையில் அது மெய். சமவெளியிலோ ஆறு மேட்டின்மேல் ஓடுகிறது. காவிரிச் சமவெளியில் கரையோரமாக நடந்துசென்றால் இதைக் கண்ணாலேயே காணலாம். ஆற்றை ஒட்டிய படுகை நிலத்தில் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்திருக்கும். மணல் கலந்த அம்மண்ணில் நீர் தேங்காது வடியும் என்பதால் அப்பயிர்களுக்கு அது ஏற்றது. அதற்கப்பால் நிலம் தாழும், களி மிகும், நெல்வயல்கள் தொடங்கும். நீரைப் பிடித்துவைக்கும் களிமண்ணே நெல்லுக்கு வேண்டுவது. எந்தப் பயிரை எங்கு நடுவது என்பதை, உழவர் வெள்ளம் பிரித்து வைத்த மண்ணைப் பார்த்தே அறிந்தனர்.

பாசன முறையின் இரகசியமும் இதிலேயே அடங்கியுள்ளது. ஆறு மேட்டில் ஓடுவதால், மதகைத் திறந்தாலே போதும். நீர் தானாக வாய்க்காலில் இறங்கி வயலை நோக்கி ஓடும். ஏற்றமோ இறைவையோ வேண்டுவதில்லை. ஆனால், இதே காரணத்தால் கரை உடைந்தால் வரும் துன்பமும் பெரிது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்த நீர், வெள்ளம் வடிந்த பிறகும் ஆற்றுக்குத் திரும்ப முடியாது. அது வயலிலேயே நாள்கணக்கில் நின்று நாற்றை அழுகச் செய்யும். பயிரை வாழவைக்கும் சரிவும் பயிரை அழிக்கும் சரிவும் ஒன்றே.

இலக்கியம் கூறும் மருத நிலத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். வயலும் வயல் சார்ந்த இடமுமான அத்திணை, நிலத்தோற்றத்தின்படி பெரும்பாலும் வெள்ளச் சமவெளியே. அதற்குப் பெயர் தந்த மருதமரம் ஆற்றங்கரைகளில் செழித்து வளர்வது.

வளைந்து செல்லும் ஆறு

சமவெளியில் ஓடும் ஆறு நேராகச் செல்வது அரிது. ஒரு சிறு தடை அதை ஒரு பக்கம் திருப்பினால் போதும். திருப்பத்தின் வெளிப்புறக் கரையில் நீர் விரைந்து மோதி அரிக்கும். உட்புறக் கரையில் நீர் மெதுவாகச் செல்வதால் மணல் படியும். ஒரு கரை தேய, மறு கரை வளர, வளைவு மேலும் வளைகிறது. ஒரு கரையினர் நிலம் இழப்பதும் மறு கரையினர் நிலம் பெறுவதும் இதனாலேயே.

வளைவு முற்றி ஏறத்தாழ வளையமாகும்போது, அதன் இரு முனைகளும் நெருங்கிவிடும். ஒரு பெருவெள்ளத்தில் ஆறு அந்த ஒடுங்கிய இடத்தை உடைத்துக்கொண்டு நேரே செல்லும். கைவிடப்பட்ட பழைய வளைவு, இரு முனையும் மணலால் அடைபட்டு நீர்நிலையாக நிற்கும். இதைக் குதிரைக் குளம்பு ஏரி என்றும் குருட்டு ஆறு என்றும் புவியியலார் கூறுவர். காலப்போக்கில் அதுவும் தூர்ந்து வயலாகும். ஆயினும், மழைக்காலத்தில் முதலில் நீர் தேங்குவது அந்தப் பழைய வளைவில்தான். மேற்பரப்பில் அழிந்த தடம், நிலத்தின் தாழ்வில் எஞ்சியிருக்கும்.

மழை தரும் இரு வெள்ளங்கள்

காவிரிச் சமவெளியின் தனித்தன்மை, அது இரண்டு பருவமழைகளுக்கு ஆட்படுவது. சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, குடகிலும் வயநாட்டிலும் பெருமழை பெய்விக்கிறது. அப்போது தஞ்சையில் வானம் வெளுத்திருக்கலாம். ஆயினும் ஆற்றில் புதுவெள்ளம் நுங்கும் நுரையுமாக வரும். அந்த நீர்வரவை வரவேற்கும் விழாவே ஆடிப்பெருக்கு. பிறர் நிலத்தில் பெய்த மழை நம் நிலத்தில் வெள்ளமாகும் விந்தையை அவ்விழா நினைவூட்டுகிறது. மண்ணைச் சுமந்துவந்து சமவெளியை ஆக்கியதில் பெரும்பங்கு இவ்வெள்ளத்துக்கே உரியது.

அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேறு வகையானது. அது சமவெளியின்மீதே நேரடியாகப் பெய்கிறது. புயல் வந்தால் ஓரிரு நாளில் கொட்டித் தீர்க்கிறது. அந்நீர் மேட்டிலுள்ள ஆற்றுக்குச் செல்ல முடியாது. இரு ஆறுகளுக்கிடைப்பட்ட பள்ளங்களில் தேங்கி, வடிகால்கள் வழியே கடலை நோக்கி மெல்ல நகரும். முதல் வெள்ளம் ஆற்றிலிருந்து வயலுக்கு வருவது. இரண்டாம் வெள்ளம் வயலிலிருந்து கடலுக்குப் போக வேண்டுவது. வாய்க்கால் எவ்வளவு தேவையோ, அவ்வளவு வடிகாலும் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

மழை குறைந்தால் நிலத்தோற்றமும் மாறும் என்பதற்கு வைகை சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் ஓடும் வைகைக்குக் காவிரியைப்போல் நீர்வளம் இல்லை. வழியெங்கும் கண்மாய்கள் அதன் நீரை வாங்கிக்கொள்கின்றன. இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பியபின், பெருவெள்ளம் வந்தாலன்றி அது கடலைத் தொடுவதில்லை. ஆகவே, காவிரிக்கு வாய்த்த பெரும் டெல்டா வைகைக்கு வாய்க்கவில்லை.

கடல் வகுக்கும் எல்லை

கடலை அடையும் ஆறு தன் விரைவை முற்றிலும் இழக்கிறது. எஞ்சிய மண்ணையெல்லாம் அங்கே இறக்குகிறது. இறக்கிய மண்ணே வழியை மறிப்பதால், ஆறு பிரிந்து புதிய வாய் தேடுகிறது. இவ்வாறு விசிறிபோல் விரியும் நிலத்தை, கிரேக்க எழுத்தொன்றின் முக்கோண வடிவை ஒத்திருப்பதால் டெல்டா என்கிறோம்.

ஆனால், எல்லா ஆறுகளும் டெல்டாவை உருவாக்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் இறங்கும் ஆறுகள் குறுகிய தொலைவிலேயே அரபிக்கடலை அடைந்துவிடுகின்றன. மண்ணைப் பரப்ப அவற்றுக்குச் சமவெளி போதவில்லை. காவிரிக்கோ நீண்ட சரிவும் விரிந்த சமவெளியும் வாய்த்தன. அதன் டெல்டா வடக்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே கோடியக்கரைவரை கடற்கரையை வகுத்து நிற்கிறது. டெல்டாவின் தென்கோடியில், அலைவேகம் குறைந்த பாக்குநீரிணையை ஒட்டி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வளர்ந்துள்ளது. வடக்கே கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பிச்சாவரம் உள்ளது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் களிமண்ணில் வேரூன்றும் இக்காடுகள், புதிதாகச் சேரும் மண்ணைப் பிடித்துவைக்கின்றன. புயலலையின் வேகத்தையும் தணிக்கின்றன.

ஆற்றிலிருந்து மண் வருவது குறைந்தால் இக்கணக்கு மாறிவிடும். கடல் ஓயாமல் கரையை அரிக்கிறது. ஆறு ஓயாமல் மண்ணை நிரப்புகிறது. நிரப்புவது குறைந்தால் அரிப்பே மேலோங்கும்.

வேறொரு மலை, வேறொரு வெள்ளம்

புவியியல் சூழல் மாறினால் சமவெளியின் இயல்பும் மாறும் என்பதை உணர, பீகாரில் ஓடும் கோசியாற்றைக் காவிரியோடு ஒப்பிடலாம். காவிரி பிறக்கும் மலைகள் மிகப் பழையவை. அவற்றின் பாறைகள் எளிதில் தேய்வதில்லை. கோசி பிறக்கும் இமயமலையோ புவியின் கணக்கில் இளையது, இன்றும் உயர்ந்துவருவது. நொறுங்கும் பாறைகளும் செங்குத்தான சரிவும் பெருமழையும் சேர்ந்து, அளவிறந்த மண்ணைக் கோசியில் இறக்குகின்றன.

நேபாள மலைகளிலிருந்து திடீரெனச் சமவெளிக்கு வந்ததும் கோசி அச்சுமை முழுவதையும் விசிறிபோல் பரப்புகிறது. தான் இறக்கிய மண்ணால் தன் படுக்கையே உயர்ந்துவிட, அது வேறு வழி தேடி நகர்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அவ்வாறு மேற்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேல் அது நகர்ந்துள்ளது. 1950களில் தொடங்கி அதன் இருபுறமும் கரைகள் எழுப்பப்பட்டன. ஆறு கட்டுண்டது. ஆனால், மண் வருவது நிற்கவில்லை. கரைகளுக்கிடையே படுக்கை உயர்ந்துகொண்டே போயிற்று. 2008 ஆகஸ்டு 18 அன்று, நேபாளத்திலுள்ள குசகா என்னுமிடத்தில் கரை உடைந்தது. நீர் கிழக்கே திரும்பி, ஆறு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்ட பழைய வழியில் பாய்ந்தது. அவ்வழியில் ஊர்கள் எழுந்துவிட்டிருந்தன. பல இலட்சம் மக்கள் வீடிழந்தனர்.

மனிதர் மறந்த வழியை நிலம் நினைவில் வைத்திருந்தது.

மனிதர் கை

காவிரிச் சமவெளி இன்று இயற்கையின் படைப்பு மட்டுமன்று. மனிதர் உழைப்பின் படைப்புமாகும். கரிகாலனோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் கல்லணை, மணற்படுக்கையின்மீது கற்களை அடுக்கி எழுப்பியது. திருவரங்கத் தீவின் கீழ்முனையில் காவிரியும் கொள்ளிடமும் மீண்டும் நெருங்கும் இடத்தில், நீர் கொள்ளிடத்தின் தாழ்வுக்கு வழிந்துவிடாமல் அது காத்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுக்கை மேலும் தாழ்ந்து, காவிரிக்குச் சேர வேண்டிய நீரை ஈர்க்கத் தொடங்கியது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. கல்லணையின் கட்டுமானத்தைக் கண்டு பயின்ற ஆர்தர் காட்டன், 1836இல் முக்கொம்பில் மேலணையையும் கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டும் பணியை மேற்கொண்டார். 1924 சூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணையின் பணி 1934இல் நிறைவுற்றது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அவ்வணை, வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தது. பாசனத்துக்கு உறுதி தந்தது.

எனினும், ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. தேக்கத்தில் நீர் அசைவற்று நிற்கிறது. அசைவற்ற நீர் சுமையை இறக்கும் என்பதை முன்னரே கண்டோம். ஆகவே, வயலுக்குச் செல்லவேண்டிய வண்டலில் ஒரு பகுதி தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. மேலிருந்து மணல் வருவது குறைந்த ஆற்றில், இருக்கும் மணலையும் அளவின்றி அள்ளினால் படுக்கை தாழும். படுக்கை தாழ்ந்தால் வாய்க்காலின் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும், நீர் ஏறாது. பாலங்களின் அடித்தளமும் அணைகளின் அடித்தளமும் வலுவிழக்கும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும். கடலோரத்தில் உவர்நீர் உட்புகும்.

பெருவெள்ளத்தின் ஆற்றல் இன்னும் அடங்கிவிடவில்லை. 2018 ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. ஏறத்தாழ 180 ஆண்டுகள் நின்ற கட்டுமானம் அது.

நிலத்தைப் படித்தல்

கொள்ளிடத்தின் கரையில், கடலுக்கு அணித்தாக உள்ள சில சிற்றூர்களின் பெயர்களைக் கேளுங்கள்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். படுகை, மேடு, திட்டு, மணல் எனும் நான்கும் ஆறு உண்டாக்கிய நிலத்தோற்றங்களின் பெயர்கள். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் இவ்வூர்களில் நீர் புகுவதையும், மக்கள் கால்நடைகளோடு உயரமான இடங்களுக்குப் பெயர்வதையும் செய்தித்தாள்களில் காண்கிறோம். அங்கு வாழ்வோர் அறியாமையால் குடியேறியவரல்லர். வண்டல் படிந்த வளமான மண் அவர்களை அங்கு இருத்தியுள்ளது. அவர்களுக்கு விளைச்சல் தருவதும் அவர்களை வெளியேற்றுவதும் ஒரே வெள்ளம்.

அவர்களுக்குத் தேவை இரக்கம் மட்டுமன்று. காலத்தோடு கூடிய எச்சரிக்கையும், உயர்ந்த நிலத்தில் புகலிடமும், வெள்ளம் வடிந்தபின் பயிருக்கு ஈடும் தேவை. அவற்றைத் திட்டமிடுவதற்கு நிலத்தின் மேடுபள்ளத்தை அறிந்தவர்கள் வேண்டும்.

மற்றொரு சாராரும் உண்டு. பெருகிவரும் நகரங்களின் ஓரத்தில் தூர்ந்த வாய்க்காலும் பழைய தாழ்நிலமும் மனைகளாக மாறுகின்றன. கோடைக்காலத்தில் மனையைப் பார்ப்பவர் அதன் நீளஅகலத்தை அளக்கிறார், விலையைக் கேட்கிறார். அது கரைமேடா, பின்தாழ்நிலமா என்று கேட்பதில்லை. அவ்வினாவுக்கான விடையை ஐப்பசி மழை அளிக்கிறது. முன்னோர் கோயிலையும் குடியிருப்பையும் மேட்டில் அமைத்து, பள்ளத்தை நெல்லுக்கும் குளத்துக்கும் விட்டனர். அது மரபு மட்டுமன்று; நிலத்தை அறிந்ததன் பயன்.

ஆற்றின் எல்லை அதன் கரையோடு முடிவதில்லை. வெள்ளம் எட்டும் இடம்வரை ஆற்றின் நிலமே. ஆண்டில் பெரும்பகுதி அதனை நாம் பயன்படுத்த ஆறு விட்டுவைத்திருக்கிறது; சில நாள்கள் அது தனக்கு வேண்டுமென்று கேட்கிறது. அந்தச் சில நாள்களுக்கு வழிவிடும் வகையில் வயலையும் வீட்டையும் சாலையையும் அமைத்துக்கொண்டால், வெள்ளம் வண்டலோடு வரும் விருந்தாகும். அவ்வழியை அடைத்துவிட்டு வாழ நினைத்தால், அதே வெள்ளம் பேரிடராகும்.

ஆறு தன்னை நிலத்தில் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. அதனைப் படிக்கக் கற்பதே வெள்ளத்தோடு வாழக் கற்பதன் முதற்படி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த பெயர்களுள் படுகை, திட்டு, மேடு, பள்ளம், துறை, குளம், ஏரி என்னும் சொற்கள் இடம்பெறுவனவற்றைத் தொகுத்து, அப்பெயர் அவ்விடத்தின் நிலத்தோற்றத்தோடு பொருந்துகிறதா என்று எழுதுக.

2. கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றி, மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணை இட்டுக் கலக்கி அசையாமல் வைக்க. எது முதலில் படிகிறது, எது இறுதியில் படிகிறது என்பதைக் குறித்து, பாடத்தில் கூறப்பட்ட கரைமேட்டின் தோற்றத்தோடு ஒப்பிடுக.

3. உங்கள் ஊரில் கண்ட பெருமழையின்போது எந்தத் தெருவில் முதலில் நீர் புகுந்தது, எந்தத் தெருவில் புகவில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஊரின் மேடுபள்ளத்தைக் காட்டும் படமொன்று வரைக.

4. ‘பயிரை வாழவைக்கும் சரிவும் பயிரை அழிக்கும் சரிவும் ஒன்றே’ – இக்கூற்றைக் காவிரிச் சமவெளியின் அமைப்பைக் கொண்டு விளக்குக.